கல்வெட்டுச் சாசனமும் கணினி உரிமமும்

புதிதாக ஒரு இயங்குதளத்தை (ஆபரேட்டிங் சிஸ்டம் என்று நாம் சொல்வதை) உருவாக்குகிறவர்கள் ஆண்டுக்கணக்கில் கண்விழித்து நிரல் எழுதுகிறார்கள். ஆனால் இருபது ஆண்டு கழித்து அது யார் கையில் இருக்கும், யார் அதைத் திருத்தலாம், எந்த மொழியில் அது பேசும் என்பதையெல்லாம் முடிவு செய்வது அதனோடு சேர்த்து வைக்கும் சில பக்கங்கள்தான். அதற்குப் பெயர் உரிமம், அதாவது லைசென்ஸ். "இது வக்கீல்கள் சமாச்சாரமாச்சே, நமக்கு எதுக்கு?" என்று கேட்கத் தோன்றும். சித்தூரிலும் திருப்பதியிலும் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கு இதில் நேரடிப் பங்கு உண்டு என்பதைச் சொல்லவே இக்கட்டுரை.

உரிமம் என்பது நமக்குப் புதிதும் அல்ல. திருமலை, திருப்பதி, திருச்சானூர்க் கோயில்களில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கல்வெட்டுகள் உள்ளன. சாது சுப்பிரமணிய சாஸ்திரியார் முதலானோரின் உழைப்பால் தேவஸ்தானம் 1930களில் அவற்றைத் தொகுதிகளாக அச்சிட்டது. அவற்றில் மிகப் பெரும்பாலானவை தமிழ். பல்லவர் குலத்துச் சாமவை என்னும் அரசி வெள்ளித் திருமேனி அளித்ததைச் சொல்லும் சாசனம் கி.பி. 966ஐச் சேர்ந்தது என்பர்.

15, 16ஆம் நூற்றாண்டுச் சாசனங்களின் அமைப்பைப் பாருங்கள். ஒருவர் ஸ்ரீபண்டாரத்தில் பணம் கட்டுவார். ஸ்தானத்தார் அதைத் திருவிடையாட்ட ஊர்களில் ஏரி, கால்வாய் வெட்டச் செலவிடுவார்கள். கூடுதலாகக் கிடைக்கும் விளைச்சலிலிருந்து இன்ன நாளில் இன்ன அமுதுபடி என்று எழுதிக் கொடுப்பார்கள். பிரசாதத்தில் நாலில் ஒரு பங்கு கொடுத்தவருக்கு. அதன் பெயர் 'விட்டவன் விழுக்காடு'. ஏற்பாடு சந்ததி சந்ததியாக, சந்திராதித்தவரை. முடிவில் கோயில் கணக்கர் திருநின்றவூருடையானின் எழுத்து, 'ஸ்ரீவைஷ்ணவ ரக்ஷை' என்ற காப்பு.

ஆக நான்கு கூறுகள்: என்ன கொடுக்கிறோம், என்ன நிபந்தனை, எவ்வளவு காலம், யார் காவல். ஒரு இயங்குதளத்துக்கு உரிமம் எழுதுகிறவரும் இந்த நான்குக்கும் பதில் சொல்லியாக வேண்டும். பதிலை எப்படி எப்படியெல்லாம் எழுதிப் பார்த்தார்கள் என்பதுதான் கணினி வரலாற்றில் சுவையான பகுதி.

கொடுத்துவிட்டுக் கதவை மூடியவர்கள்

அமெரிக்காவின் ஏ.டி. அண்ட் டி. தொலைபேசி நிறுவனத்தின் பெல் ஆய்வகத்தில் 1969இல் கென் தாம்ப்சனும் டென்னிஸ் ரிச்சியும் யூனிக்ஸ் இயங்குதளத்தைத் தொடங்கினார்கள். 1956இல் ஏற்பட்ட ஒரு நீதிமன்ற ஏற்பாட்டின்படி அந்த நிறுவனம் தொலைத்தொடர்பு தவிர வேறு வணிகத்தில் இறங்கக் கூடாது. எனவே 1970களில் யூனிக்ஸ் மூலநிரலோடு (சோர்ஸ் கோடு) பல்கலைக்கழகங்களுக்குக் குறைந்த கட்டணத்தில் கிடைத்தது. மாணவர்கள் படித்தார்கள், திருத்தினார்கள், வளர்த்தார்கள்.

1979இல் வந்த ஏழாம் பதிப்பின் உரிமம், மூலநிரலை வகுப்பில் வைத்துப் பாடம் நடத்தத் தடை போட்டது. 1984இல் நிறுவனம் பிரிக்கப்பட்டதும் பழைய தடை நீங்கி, யூனிக்ஸ் முழு வணிகப் பொருளாயிற்று. ஊர் சேர்ந்து வெட்டிய கால்வாய்க்கு ஒருவர் வந்து பூட்டுப் போட்ட கதைதான். வகுப்பில் காட்ட ஒன்று வேண்டுமே என்று ஆம்ஸ்டர்டாமில் பேராசிரியர் ஆண்ட்ரூ டானன்பாம் தாமே மினிக்ஸ் என்ற சிறிய இயங்குதளத்தை எழுதி 1987இல் தம் பாடநூலோடு வெளியிட்டார்.

நிபந்தனையோடு கொடை

எம்.ஐ.டி.யில் பணிபுரிந்த ரிச்சர்ட் ஸ்டால்மன் 1983 செப்டம்பர் 27 அன்று குனு என்ற புதிய இயங்குதளத் திட்டத்தை அறிவித்தார். அவர் கண்ட வழி சட்டத்துக்குள்ளேயே இருந்தது. ஒருவர் நிரல் எழுதிய கணமே காப்புரிமை அவருக்குச் சேர்ந்துவிடுகிறது. (நம் நாட்டிலும் 1957ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டத்தில் 1984இல் செய்த திருத்தம் கணினி நிரல்களை இலக்கியப் படைப்புகளோடு சேர்த்தது.) உரிமையாளர் அனுமதி தராமல் யாரும் பிரதி எடுக்க முடியாது. அந்த அனுமதியைக் கொடுக்கும்போதே ஒரு நிபந்தனையைக் கட்டிவிட்டால்?

1989 பிப்ரவரியில் வெளிவந்த பொது மக்கள் உரிமம், அதாவது ஜி.பி.எல்., அதைத்தான் செய்தது. யாரும் பயன்படுத்தலாம், படிக்கலாம், திருத்தலாம், பிரதி எடுக்கலாம், விற்கவும் செய்யலாம். ஆனால் திருத்தியதைப் பிறருக்குக் கொடுத்தால் அதே உரிமத்தோடு, மூலநிரலோடு கொடுக்க வேண்டும். வீட்டுக்குள் வைத்துத் தனக்கென்று பயன்படுத்துகிறவருக்கு இந்தக் கடமை கிடையாது. திருமலைச் சாசனத்தில் கொடுத்தவருக்குப் பங்கு திரும்பி வந்தது. இங்கே வாங்குகிற ஒவ்வொருவருக்கும் மூலநிரல் என்ற பங்கு போய்ச் சேருகிறது.

கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகம் வேறு வழியில் போனது. அதன் பி.எஸ்.டி. உரிமத்தில் கட்டுப்பாடு மிகக் குறைவு: எழுதியவர் பெயரை அழிக்காதே, நஷ்டம் வந்தால் எங்களைக் கேட்காதே, அவ்வளவுதான். திருத்தியதை மூடி வைத்து விற்கலாம். ஆப்பிள் நிறுவனத்தின் இயங்குதளத்துக்குள் பி.எஸ்.டி. நிரல் போய்ச் சேர்ந்தது இந்த வழியில்தான். அந்த உரிமத்தில் ஒரு சின்ன வரி பெரிய தலைவலி கொடுத்தது. விளம்பரத்தில் பல்கலைக்கழகத்தின் பெயரைச் சொல்ல வேண்டும் என்பது அந்த வரி. அதைப் பார்த்து மற்றவர்களும் தங்கள் பெயரைப் போட்டு அதே போல எழுதிக்கொண்டார்கள். 1997இல் நெட்பி.எஸ்.டி.யின் ஒரு பதிப்பில் இப்படி 75 வாசகங்களை ஸ்டால்மன் எண்ணினார். கல்யாணப் பத்திரிகையில் எல்லா உறவினர் பெயரும் போட்டாக வேண்டும் என்ற நிலை! 1999இல் பல்கலைக்கழகமே அந்த வரியை எடுத்துவிட்டது.

ஒரு மாணவர் எழுதிய உரிமம்

1991இல் பின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ், மினிக்ஸ் ஓடிய தம் கணினியில் லினக்ஸ் கருநிரலை எழுதி வெளியிட்டார். முதல் உரிமத்தைத் தாமே எழுதினார்: மூலநிரல் கூடவே இருக்க வேண்டும், யாரும் காசு வாங்கக் கூடாது. கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனால் பிளாப்பி தட்டில் பிரதி எடுத்து நாலு பேருக்குக் கொடுப்பவர், தட்டுச் செலவைக்கூட வாங்க முடியாதே! காசு வாங்காதே என்ற நல்லெண்ணமே பரவலுக்குத் தடையாயிற்று. 1992 பிப்ரவரி முதல் லினக்ஸ் ஜி.பி.எல். உரிமத்துக்கு மாறியது.

அவர் உரிமத்தோடு சேர்த்த ஒரு குறிப்பும் முக்கியமானது. இயங்குதளத்தின் மேல் வழக்கமான முறையில் ஓடும் நிரல்கள் அதிலிருந்து பிறந்தவையாகக் கருதப்படமாட்டா என்றது அது. வீட்டு வாசலில் கடை போட்டவர் வீட்டின் வாரிசு ஆகிவிட மாட்டார் அல்லவா! அந்தத் தெளிவு இருந்ததால்தான் வங்கிகளும் வணிக நிறுவனங்களும் லினக்ஸ் மேல் தங்கள் நிரல்களைத் தயங்காமல் ஓட்டின.

காலம் என்ற கூறும் சோதனைக்கு வந்தது. ஜி.பி.எல்.லின் மூன்றாம் பதிப்பு 2007 ஜூனில் வந்தபோது லினக்ஸ் இரண்டாம் பதிப்பிலேயே நின்றது. டோர்வால்ட்ஸுக்குப் புதியதன் சில நிபந்தனைகளில் உடன்பாடில்லை. அதோடு, ஆயிரக்கணக்கானோர் எழுதிய நிரலின் உரிமை அவரவரிடமே இருந்ததால், எல்லாரையும் கேட்டு மாற்றுவதும் நடக்கிற காரியமில்லை. கல்லில் வெட்டியதுபோல நின்றுவிட்டது. எனவே உரிமத்தை முதல்நாளே யோசித்து எழுத வேண்டும்.

காவல்? வெறும் எழுத்து போதுமா என்று பலர் சந்தேகப்பட்டார்கள். 2004இல் ஜெர்மனியின் முனிச் நீதிமன்றம், ஜி.பி.எல். நிபந்தனையை மீறி நிரலை விநியோகித்த ஒரு நிறுவனத்துக்குத் தடையாணை பிறப்பித்தது. ரக்ஷை என்ற சொல்லுக்கு அன்று நீதிமன்றத்தில் உயிர் வந்தது.

நமக்கு என்ன பங்கு?

சித்தூர் மாவட்டம் 1911இல் உருவானபோது சென்னை மாகாணத்தில் இருந்தது. 1953இல் ஆந்திரத்தோடு சேர்ந்தது. 1960இல் திருத்தணிப் பக்கம் தமிழ்நாட்டுக்குப் போயிற்று. 2022இல் திருப்பதி தனி மாவட்டமாயிற்று. நம்மில் சிலர் வேலை தேடி இங்கு வந்தோம். சிலர் எங்கும் போகவில்லை, எல்லைதான் நகர்ந்தது. எப்படியானாலும் இங்கே நாம் எண்ணிக்கையில் குறைந்தவர்கள். சந்தைக் கணக்குப் பார்க்கும் நிறுவனம் இத்தனை பேருக்காக ஒரு பொருள் செய்யுமா என்று யோசிக்கும். அதில் குற்றம் சொல்ல முடியாது.

திறந்த உரிமத்துக்கு அந்தக் கணக்குத் தேவையில்லை. லினக்ஸின் திரைமுகப்புகளான கே.டி.இ., க்னோம் ஆகியவற்றைத் தமிழகத்திலும் இலங்கையிலும் அயல்நாடுகளிலும் இருந்த தன்னார்வலர்கள் தமிழாக்கியபோது யாரிடமும் அனுமதி கேட்டு நிற்கவில்லை. அனுமதி உரிமத்திலேயே எழுதியிருந்தது. ஐதராபாத்தில் ஸ்வேச்சா அமைப்பினர் தெலுங்குக்கு இதே பணியைச் செய்தார்கள். சென்னை சி-டாக் 2007இல் வெளியிட்ட பாஸ் இயங்குதளம் பல இந்திய மொழிகளோடு வந்ததும் இந்த அடித்தளத்தின் மேல்தான். சென்னை ஐ.ஐ.டி. சார்பில் 2023இல் அறிமுகமான பார்ஓஎஸ், ஆண்ட்ராய்டின் திறந்த நிரலிலிருந்து உருவானது. அந்த ஆண்ட்ராய்டிலோ அடியில் ஜி.பி.எல். உரிமத்து லினக்ஸ் கரு, மேலே பெரும்பகுதி தளர்வான அப்பாச்சி உரிமம். இரண்டு வழிகளும் ஒரே கைப்பேசிக்குள் குடியிருக்கின்றன.

ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது. உரிமம் அனுமதிதான் கொடுக்கும். வேலையைச் செய்து தராது. ஏரிக்குப் பணம் கட்டியதோடு விளைச்சல் வந்துவிடவில்லை, உழவர் இறங்க வேண்டியிருந்தது. தமிழாக்கத்தை ஆள் தொடர்ந்து பார்க்காவிட்டால் அடுத்த பதிப்பில் பாதித் திரை ஆங்கிலத்தில் நிற்கும்.

நம் பிள்ளைகள் பலர் இந்தப் பகுதியிலேயே பொறியியல் படிக்கிறார்கள். வீட்டில் தமிழ் பேசி, வெளியில் தெலுங்கு பேசி, கல்லூரியில் ஆங்கிலத்தில் படிக்கும் அவர்களுக்கு மூன்று மொழியும் கைவரும். மொழிபெயர்ப்பிலும் எழுத்துருச் சோதனையிலும் இதைவிடப் பெரிய தகுதி வேண்டியதில்லை. நாளை அவர்களில் ஒருவர் புது இயங்குதளமே செய்யலாம். அன்றைக்கு நிரலின் முதல் வரியை எழுதும் முன் அந்த நான்கு கேள்விகளுக்கும் பதில் எழுதி வைக்கட்டும்: என்ன கொடுக்கிறேன், என்ன நிபந்தனை, எவ்வளவு காலம், யார் காவல். நம்மைவிடச் சிறிய கூட்டம் ஒன்று தன் மொழியோடு வந்து கேட்டால், கதவு திறந்திருக்க வேண்டும் அல்லவா!