காலடிச் சத்தமும் கேட்கணும், காதும் பத்திரமா இருக்கணும்! - கேமிங் ஹெட்போன் வாங்கும் முன் ஒரு செக்லிஸ்ட்

ராத்திரி பத்து மணி. பாகூர் பக்கம் ஒரு வீடு. ஹாலில் டி.வி சீரியல் ஓடுது. தலைக்கு மேல ஃபேன் ஃபுல் ஸ்பீடுல 'கடகட'ங்குது. வயல் பக்கம் மோட்டார் சத்தம் வேற. பி.ஜி.எம்.ஐ-ல் கடைசி 5 பேரில் நீங்களும் ஒருத்தர். மாடிப்படியில் யாரோ ஏறி வர்ற காலடிச் சத்தம் லேசா கேட்குது. வலது பக்கமா, இடது பக்கமா? தெரியலை. விரல் தானா வால்யூம் பட்டனுக்குப் போகுது, ரெண்டு தட்டு ஏத்துறீங்க. அடுத்த நொடி 'டமார்!' துப்பாக்கிச் சத்தம் காதுக்குள்ளேயே வெடிக்குது. கேமில் நீங்க அவுட். காது மட்டும் இன்னும் 'கொய்ங்'னு பாடிக்கிட்டிருக்கு.

இது உங்களுக்கும் நடந்திருக்கா? அப்படின்னா கேமிங் ஹெட்போன் வாங்கும்போது நீங்க கேட்க வேண்டிய கேள்வி ஒண்ணுதான்: 'வால்யூமை ஏத்தாமலேயே எனக்குக் காலடிச் சத்தம் கேட்குமா?' லைட் எரியுதா, பாஸ் அதிருதா என்பதெல்லாம் அதுக்கு அப்புறம்தான். இந்த ஒரு கேள்வியைக் கையில் வெச்சுக்கிட்டு கடைக்குப் போனா, பணமும் மிச்சம், காதும் மிச்சம்.

பாட்டுக்கு வேற, கேமுக்கு வேற!

பாட்டு கேட்க நல்லா இருக்கிற ஹெட்போன் கேமுக்கும் நல்லா இருக்கணும்னு அவசியமில்லை. 'எக்ஸ்ட்ரா பாஸ்' என்று விற்கப்படுவதில் குத்துப்பாட்டு கேட்டா நெஞ்சு அதிரும். ஆனா, கனமான பாஸ் சத்தம் மெல்லிய சத்தங்களை மூடி மறைச்சிடும். நம்ம காதின் இயல்பே அப்படித்தான். வெடிச்சத்தமும் வண்டிச் சத்தமும் பாஸில் முழங்கும்போது, புல் மேல நடக்கிற சலசலப்பு அதுக்கடியில் அமுங்கிப்போகும். கேமுக்கு வேண்டியது அளவான பாஸ், தெளிவான நடு ஒலிகள்.

அடுத்தது திசை. வலது பக்கம் இருந்து வர்ற சத்தம், இடது காதைவிட வலது காதுக்கு ஒரு நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவான நேரம் முன்னாடி வந்து சேரும். கொஞ்சம் சத்தமாகவும் இருக்கும். இந்தச் சின்ன வித்தியாசத்தை வெச்சுத்தான் மூளை திசையைக் கண்டுபிடிக்குது. அதனால, இரண்டு பக்கமும் ஒரே அளவில், தெளிவாகக் கேட்கிற சாதாரண ஸ்டீரியோ ஹெட்போனே போதும். '7.1 சரவுண்டு' என்று பெட்டியில் போட்டிருப்பது பெரும்பாலும் சாஃப்ட்வேர் செய்கிற வேலை. போனில் ஆடுகிறவர்கள் அதுக்காகக் கூடுதல் காசு கொடுக்கத் தேவையில்லை.

வயரா, ப்ளூடூத்தா?

போனில் கேம் ஆடத்தான் வாங்குறீங்கன்னா என் பதில்: வயர்.

காரணம், தாமதம். இதைத்தான் 'லேட்டன்ஸி' என்கிறார்கள். சாதாரண ப்ளூடூத் இயர்பட்ஸில் சத்தம் வந்து சேர ஏறக்குறைய 150 முதல் 250 மில்லி செகண்ட் ஆகலாம். அதாவது கால் நொடி வரைக்கும். படம் பார்க்கும்போது ஆப்பே வீடியோவையும் கொஞ்சம் தாமதப்படுத்திச் சரிசெஞ்சிடும். கேமில் அது முடியாது. எதிரி சுட்டதை முதல்ல பார்ப்பீங்க, அப்புறம்தான் கேட்பீங்க. 'கேமிங் மோடு' இருக்கிற இயர்பட்ஸ் இதை 40 - 60 மில்லி செகண்டுக்குக் குறைப்பதாகச் சொல்கின்றன. அந்த அளவு குறைந்தால் ஆடலாம், தப்பில்லை. வயரில் இந்தத் தொல்லையே கிடையாது.

ப்ளூடூத்தில் இன்னொரு சிக்கலைப் பெட்டியில் எங்கேயும் எழுத மாட்டாங்க. டீமோட பேச மைக்கை ஆன் பண்ணினதும், பல போன்களில் ப்ளூடூத் 'கால்' பேசும் முறைக்கு மாறிடும். ஸ்டீரியோ போய், ஃபோன் கால் மாதிரி மட்டமான ஒற்றைச் சத்தம் வரும். வலது, இடது வித்தியாசமே இருக்காது. நானும் ஒருமுறை 'கேமிங்' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்த இயர்பட்ஸை வாங்கிட்டு, கேமில்தான் ஏதோ பிரச்னைன்னு ரெண்டு நாள் செட்டிங்ஸை நோண்டிக்கிட்டிருந்தேன். கடைசியில பழைய வயர் இயர்போனை மாட்டினதும் எல்லாம் சரியாச்சு.

'எல்.இ. ஆடியோ' என்ற புதிய முறை வந்த ஹெட்போன்களில் இந்தக் குறை குறைகிறது. ஆனா, உங்க போனும் ஹெட்போனும் ரெண்டுமே அதை சப்போர்ட் பண்ணணும். சின்ன டாங்கிளை போனில் செருகிப் பயன்படுத்தும் 2.4 ஜிகாஹெர்ட்ஸ் வயர்லெஸ் ஹெட்செட்களும் வேகமானவை. விலைதான் கொஞ்சம் கூடுதல்.

எந்த மாடல் உங்களுக்கு?

காதுக்குள் செருகும் வகை: சிலிக்கான் ரப்பர் பட்ஸ் காதை நல்லா அடைச்சுக்கும். ஃபேன் சத்தமும் சீரியல் சத்தமும் குறையும். வெளிச்சத்தம் குறைஞ்சா வால்யூமை ஏத்தவே தேவைப்படாது. நம்ம ஊர் வெயிலுக்கும் இதுதான் வசதி. மைக்கோடு கூடிய நல்ல வயர் இயர்போன் ஏறக்குறைய 500 முதல் 1,500 ரூபாய்க்குள் கிடைக்கும். பெட்டியில் 3 அளவு பட்ஸ் இருக்கும். மூணையும் போட்டுப் பாருங்க. சைஸ் சரியில்லைன்னா எவ்வளவு விலை கொடுத்து வாங்கினாலும் சத்தம் சப்புனுதான் இருக்கும்.

காதை முழுசா மூடும் ஹெட்செட்: மைக் வாய்க்குப் பக்கத்தில் இருப்பதால் பேச்சு தெளிவாகப் போகும். ரொம்ப நேரம் போட்டாலும் காதுக்குள் வலிக்காது. ஆனா, புதுச்சேரி கடலோரப் புழுக்கத்தில் அரை மணி நேரத்திலேயே காதைச் சுத்தி வேர்த்துடும். ரெக்ஸின் மாதிரி இருக்கும் குஷன் வேர்வை பட்டுப் பட்டு உரியும். துணி குஷன் இருந்தால் நல்லது. கழற்றி மாற்றக்கூடிய குஷன் என்றால் இன்னும் நல்லது. கண்ணாடி போடுறவங்க, கண்ணாடியோடு போட்டுப் பார்த்து வாங்குங்க. எடை 300 கிராமைத் தாண்டினா கழுத்து சொல்லும்.

பின்பக்கம் திறந்த 'ஓப்பன் பேக்' ஹெட்போன்: சத்தம் விசாலமாக இருக்கும். அமைதியான தனி அறை இருக்கிறவங்களுக்கு ஓ.கே. ஹாலில் உட்கார்ந்து ஆடினா டி.வி சத்தம் உங்களுக்குக் கேட்கும், துப்பாக்கிச் சத்தம் அம்மாவுக்குக் கேட்கும்!

நெக்பேண்ட்: பஸ்ஸில் பாட்டு கேட்கவும் கால் பேசவும் வசதி. கேமில், மேலே சொன்ன ப்ளூடூத் பிரச்னைகள் எல்லாம் இதுக்கும் பொருந்தும்.

பெட்டியில் என்ன பார்க்கணும்?

டிரைவர் சைஸ்: '50 எம்.எம். டிரைவர்' என்று பெருமையா போட்டிருப்பாங்க. அளவு பெரிசா இருக்கிறதால மட்டும் சத்தம் நல்லா இருக்காது. காதுக்குள் செருகும் 10 எம்.எம். டிரைவர் பல பெரிய ஹெட்செட்டைத் தோற்கடிக்கும்.

இம்பீடன்ஸ்: 16 முதல் 32 ஓம் வரை இருந்தால் போனுக்குச் சரி. அதைவிட ரொம்ப அதிகம் என்றால் போனில் சத்தம் குறைவாக வரலாம்.

பின்: 3.5 எம்.எம். பின்னில் 3 கறுப்பு வளையம் இருந்தால் மைக் உண்டு. 2 வளையம் என்றால் மைக் கிடையாது. கம்ப்யூட்டருக்கான சில ஹெட்செட்களில் ஸ்பீக்கருக்கு ஒன்று, மைக்குக்கு ஒன்று என 2 பின்கள் இருக்கும். அதைப் போனில் மாட்ட தனி கனெக்டர் வேணும்.

டைப்-சி: உங்க போனில் 3.5 எம்.எம். ஓட்டையே இல்லையா? டைப்-சி கனெக்டர் வாங்கும்போது 'டேக்' சிப் இருக்கிறதா என்று கேளுங்க. சிப் இல்லாத மலிவு கனெக்டர்கள் எல்லா போனிலும் வேலை செய்யாது. ஹெட்போனை மாட்டிட்டா சார்ஜ் போட வழி இருக்காது என்பதையும் யோசிச்சுக்கோங்க. கரன்ட் போற ஊரில் இது சின்ன விஷயம் இல்லை.

பி.ஐ.எஸ். பதிவு: வயர்லெஸ் ஹெட்போன், இயர்போன்களுக்கு இந்தியாவில் பி.ஐ.எஸ். பதிவு கட்டாயம். பெட்டியில் 'ஆர்' என்ற ஆங்கில எழுத்தோடு ஒரு எண் இருக்கும். அதை 'பி.ஐ.எஸ். கேர்' ஆப்பில் போட்டால் உண்மையா, போலியா என்று தெரிஞ்சிடும்.

கடையில் 5 நிமிஷ டெஸ்ட்

வில்லியனூர் கடையில் வாங்கினாலும் சரி, பஸ் ஏறி புதுச்சேரி நேரு வீதிக்குப் போனாலும் சரி, உங்க போனையே மாட்டிச் சோதிச்சுப் பாருங்க. கடைக்காரர் போடும் பாட்டை வெச்சு முடிவெடுக்காதீங்க. கேமில் இருக்கும் பயிற்சி மைதானத்தைத் திறந்து, போன் வால்யூமைப் பாதியில் வைங்க. நடங்க, சுடுங்க, திரும்புங்க. கண்ணை மூடினால் சத்தம் எந்தப் பக்கம் என்று தெரியுதா? காலடி கேட்குதா? மைக்கில் பேசி ஒரு வாய்ஸ் மெசேஜ் பதிவு பண்ணிக் கேளுங்க. 5 நிமிஷம் கழற்றாமல் வெச்சிருங்க. அதுக்குள்ளேயே உறுத்தினா, 1 மணி நேரம் எப்படி ஆடுவீங்க?

பெட்டியைத் திறக்கவே விடாத கடையில், மாற்றித் தருவாங்களா என்று முதல்லயே கேட்டுடுங்க. ஆன்லைன் என்றால் ரிட்டர்ன் எத்தனை நாள் என்று பாருங்க. பில் கட்டாயம் வாங்குங்க. வாரன்டிக்கும், சிக்கல் வந்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் சொல்லவும் பில்தான் ஆதாரம்.

வாங்கின பிறகு 3 செட்டிங்ஸ்

ஒன்று, போனில் 'மோனோ ஆடியோ' ஆஃபில் இருக்கணும். ஆனில் இருந்தால் திசையே தெரியாது. இரண்டு, கேமின் ஆடியோ பகுதியில் பின்னணி இசையை ஜீரோவாக்குங்க, சவுண்ட் குவாலிட்டியை இருப்பதிலேயே உயர்ந்ததாக வைங்க. மூணு, ஈக்வலைசரில் பாஸைக் கொஞ்சம் இறக்கி, 2 முதல் 4 கிலோஹெர்ட்ஸ் பகுதியைக் கொஞ்சமாக ஏத்துங்க. காலடிச் சத்தம் மேலே வரும். இந்த மூணையும் செஞ்சு பார்த்துட்டு, பழைய ஹெட்போனே போதும்னு தோணினா, வாங்குற பிளானையே தள்ளிப்போடலாம்!

காதுக்கு ரீஸ்பான் கிடையாது

கேமில் செத்தா அடுத்த மேட்ச் இருக்கு. காதின் உள்ளே சத்தத்தை உணரும் நுண்ணிய முடி செல்கள் செத்தா, திரும்ப முளைக்காது.

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, 80 டெசிபல் சத்தத்தை வாரத்துக்கு 40 மணி நேரம் கேட்கலாம். 90 டெசிபல் என்றால் வெறும் 4 மணி நேரம்தான். தினமும் 1 மணி நேரம் ஆடினாலே வாரத்துக்கு 7 மணி நேரம் ஆகிடுதே! 2024-ல் வெளியான ஒரு மருத்துவ ஆய்வுத் தொகுப்பு, 50 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களிடம் நடந்த 14 ஆய்வுகளைப் பார்த்தது. கேம் ஆடுறவங்க கேட்கும் சத்தம் பல நேரம் பாதுகாப்பான அளவை நெருங்குது, இல்லைன்னா தாண்டுது என்பதுதான் அதன் முடிவு. இதைக் கவனத்தில் வெச்சுத்தான் உலக சுகாதார நிறுவனம் 2025 மார்ச்சில் வீடியோ கேம்களுக்கென்றே பாதுகாப்பான ஒலிக்கான தர விதிகளை வெளியிட்டது.

நாம செய்ய வேண்டியது ரொம்ப சிம்பிள். வால்யூம் 60 சதவிகிதத்தைத் தாண்ட வேண்டாம். 1 மணி நேரத்துக்கு ஒருமுறை கழற்றி வெச்சுட்டு 10 நிமிஷம் காதுக்கு ஓய்வு கொடுங்க. ஆடி முடிச்ச பிறகு 'கொய்ங்' சத்தம் வந்தால், அது காது கொடுக்கும் வார்னிங். அடுத்த நாளும் அது நிக்கலைன்னா, அல்லது பேச்சு மங்கலாகக் கேட்டால், காத்திருக்காமல் காது, மூக்கு, தொண்டை மருத்துவரைப் பாருங்க. கோரிமேடு ஜிப்மர், கதிர்காமம் இந்திரா காந்தி அரசு மருத்துவக் கல்லூரி ரெண்டும் நமக்குப் பக்கத்தில்தான் இருக்கு.

இன்னொண்ணு. காதை அடைச்சுக்கிட்டு ரோட்டில் நடக்கிறதோ, வண்டி ஓட்டுறதோ, தண்டவாளத்தைக் கடக்கிறதோ வேண்டவே வேண்டாம். வில்லியனூர் மாதிரி ரயில் பாதை போற ஊரில் இருக்கிறவங்களுக்கு இதைத் தனியா விளக்கத் தேவையில்லை.

சுருக்கமா சொன்னா: வயர், காதில் சரியா உட்காரும் பட்ஸ், அளவான பாஸ், தெளிவான மைக், கையில் பில். இந்த அஞ்சும் இருந்தால் போதும். பாகூர் ஏரிக்கரையில் ஸ்குவாடா உட்கார்ந்தாலும் சரி, ஃபேன் கத்துற ரூமில் தனியா ஆடினாலும் சரி, பாதி வால்யூமிலேயே பின்னாடி வர்றவன் காலடி உங்களுக்குக் கேட்டுடும். சிக்கன் டின்னர் இன்னைக்கு கிடைக்கும், இல்லைன்னா நாளைக்கு கிடைக்கும். காது ரெண்டுதான் இருக்கு மக்களே!