காலனி: வினை, இனம், சார்பு

பள்ளிக்கூடத் தமிழ்ப் பரீட்சையில் வழக்கமாக ஒரு கேள்வி வரும். ஒரு சொல்லைக் கொடுத்து, அதன் வெவ்வேறு பொருள் விளங்கும்படி வாக்கியத்தில் அமைத்து எழுதச் சொல்வார்கள். திங்கள், ஆறு, மா என்று வம்பில்லாத சொற்களாகப் பார்த்துத்தான் கேட்பார்கள். 'காலனி' என்ற சொல்லை அப்படிக் கேட்டுவிட்டார்கள் என்று வைத்துக்கொள்வோம். தருமபுரி மாவட்டத்துப் பையன் ஒருவன் இப்படி எழுதக்கூடும்:

1. இந்தியா 1947 வரை பிரிட்டனின் காலனியாக இருந்தது.
2. மாமா ரிட்டயர் ஆனதும் பேங்க் காலனியில் வீடு கட்டிக்கொண்டு போய்விட்டார்.
3. அந்தப் பையன் காலனி.

மூன்றுமே இலக்கணப்படி சரி. மூன்றுக்கும் மார்க் போட வேண்டும். ஆனால் மூன்றாவது வாக்கியத்தைத் திருத்தும் ஆசிரியரின் கை கொஞ்சம் நிற்கும். அந்த வாக்கியத்தில் இடத்தைக் காட்டும் உருபு இல்லை. 'காலனியில் இருக்கிறான்' என்றோ 'காலனியிலிருந்து வருகிறான்' என்றோ அவன் எழுதவில்லை. ஆளே காலனியாகிவிட்டான். மாமா பேங்க் காலனி வீட்டை விற்றுவிட்டு மகனோடு சென்னைக்குப் போனால் பேங்க் காலனி அவரைப் பின்தொடராது. இந்தப் பையன் பெங்களூரில் வேலைக்குச் சேர்ந்து பத்து வருஷம் கழித்துத் திருவிழாவுக்கு வந்தாலும் காலனிதான்.

ஒரு சொல்லுக்குப் பல பொருள் இருந்தால் எந்த இடத்தில் எது என்று கேட்பவருக்கு எப்படித் தெரிகிறது? தொல்காப்பியம் சொல்லதிகாரத்தில், கிளவியாக்கப் பகுதியில், இதற்கு விடை இருக்கிறது. வினை, இனம், சார்பு என்ற மூன்றால் பொருள் தெளியும் என்பது அங்கே சொல்லப்படும் வழி. உரைகாரர்களின் பழைய உதாரணம் 'மா'. பூத்தது என்றால் மரம், ஓடியது என்றால் குதிரை: இது வினை. மருத மரத்தோடு சேர்த்துச் சொன்னால் மாமரம்: இது இனம், அதாவது கூட வரும் சொற்களின் உறவு. போருக்குப் புறப்பட்டு நிற்பவன் மா கொண்டுவா என்றால் யாரும் மாங்கன்றைக் கொண்டுவர மாட்டார்கள்: இது சார்பு, சொல்பவன் நிற்கும் நிலை.

இந்த மூன்றையும் காலனிக்குப் பொருத்திப் பார்ப்போம். 'விடுதலை அடைந்தது' என்ற வினை வந்தால் நாடு. 'பிளாட் வாங்கினார்' என்ற வினை வந்தால் நகரத்துக் குடியிருப்பு. வினையில் தெரியாததை இனம் காட்டிவிடும். பேங்க், ரயில்வே, போஸ்டல், டீச்சர்ஸ் என்று எது முன்னால் வந்தாலும் மரியாதை. முன்னால் எதுவும் வராமல், பக்கத்தில் 'ஊர்' என்ற சொல் வந்தால் பொருள் மாறிவிடும். டீக்கடையில் ஒரு பெரியவர் புதிதாக வந்த பையனிடம் பேச்சுக் கொடுக்கிறார்.

"எந்த ஊருப்பா?"

"நத்தங்க."

"நத்தம்னா... ஊரா, காலனியா?"

பெரியவர் கேட்டது முகவரி இல்லை. 'என்ன சாதி' என்று கேட்பது நாகரிகமில்லை என்பது அவருக்குத் தெரியும். அதனால் அகராதியில் குற்றம் காண முடியாத ஒரு சொல்லால் கேட்கிறார். இலக்கணம் சொன்ன இனமும் சார்பும் இங்கே இன்றைய அர்த்தத்திலேயே வேலை செய்கின்றன. சொல்லின் மதிப்பு மற்றச் சொற்களிலிருந்து அது வேறுபடும் விதத்தில்தான் இருக்கிறது என்பது சசூர் மொழியியலில் வைத்த வாதம். ஒரே சொல்லுக்குள் வேறுவேறு வர்க்கங்களின் தொனி மோதிக்கொள்கிறது என்று 1929இல் ரஷ்யாவில் வொலோஷினோவ் எழுதினார். டீக்கடைப் பெரியவர் இவர்களைப் படித்ததில்லை. ஆனால் இருவர் சொன்னதும் அவர் கேள்வியில் இருக்கிறது.

சரி, இந்தச் சொல் இங்கே எப்படி வந்தது? லத்தீனில் இதன் வேர் உழுவதோடு சேர்ந்தது. உழுகுடியைக் குறித்த சொல்லிலிருந்துதான் ரோமானியர்கள் வென்ற நிலத்தில் அமைத்த குடியேற்றத்துக்குப் பெயர் வந்தது. பிறகு அது ஐரோப்பியப் பேரரசுகளின் சொல்லாயிற்று. பேரரசின் அகராதியில் காலனி என்பது ஆள்பவன் தேடிப் போய் உட்காரும் இடம். நம் கிராமத்துக் காலனியோ ஆதிக்கசாதிக்காரன் கால் வைக்காத இடம். உழைப்பைக் கறந்துகொள்வது மட்டும் இரண்டுக்கும் பொது.

சென்னை மாகாணத்தில் 1920ஐ ஒட்டித் தொழிலாளர் ஆணையர் என்ற பதவி ஏற்பட்டது. தாழ்த்தப்பட்ட வகுப்பாருக்கு வீட்டுமனை எடுத்துக் கொடுக்கும் வேலை அந்தத் துறைக்கு வந்தது. அதுவரை பலருடைய குடிசை நின்ற மண் மிராசுதாரருடையது. கூலி கூடக் கேட்டால் 'காலி பண்ணு' என்று சொல்லிவிடலாம். அப்படிச் சொல்ல முடியாத ஒரு துண்டு மண் கிடைத்தது சின்ன விஷயமில்லை. 1974இல் தாட்கோ தொடங்கப்பட்டபோது வீட்டு வசதி அதன் பெயரிலேயே இருந்தது. 1985இல் இந்திரா குடியிருப்புத் திட்டம் வந்தது. 'காலனி வீடு' என்றால் ஒழுகாத கூரை, பட்டா என்றும் ஒரு பொருள் இருந்ததை மறந்துவிடக் கூடாது. இந்தச் சொல் வசையாகப் பிறக்கவில்லை. அரசு மனைக்கு நிலம் எடுத்தது பெரும்பாலும் ஊருக்கு வெளியே, பழைய சேரியை ஒட்டி. கூரை மாறியது, திசை மாறவில்லை. அந்தத் திசையின் பொருள் புதுச்சொல்லின் மேல் வந்து உட்கார்ந்துகொண்டது.

'சேரி'க்கும் இதேதான் நடந்தது. பத்தாம் நூற்றாண்டின் உத்தரமேரூர்க் கல்வெட்டில் பிராமண ஊரின் வட்டாரங்களே சேரிகள்தான், பன்னிரண்டு சேரிகள். சேர்ந்து வாழும் இடம் என்பதற்கு மேல் அங்கே பொருள் இல்லை. அடுத்த நூற்றாண்டின் தொடக்கத்தில், ராஜராஜனின் தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில், வரி நீக்கப்பட்ட நிலங்களின் பட்டியலில் ஊர்நத்தம் ஒரு பதிவு, பறைச்சேரி வேறு பதிவு. தீண்டாச்சேரி என்ற சொல்லும் அங்கே இருக்கிறது. அப்போது சேரிக்கு முன்னால் ஒரு அடை தேவைப்பட்டது. பிற்காலத்தில் அடை உதிர்ந்து, சேரி என்றாலே அது என்றாயிற்று. காலனியும் அதே பாதையில் வந்தது. ஹரிஜன காலனி, ஆதிதிராவிடர் காலனி, கடைசியில் வெறும் காலனி.

தருமபுரிக்கு வருவோம். 1965இல் சேலத்திலிருந்து பிரிந்த இந்த மாவட்டத்தில் குடியிருப்பைச் சொல்ல இன்னொரு சொல்லும் உண்டு, கொட்டாய். மாட்டுக்கும் கொட்டாய், சினிமாவுக்கும் கொட்டாய். இங்கே காட்டின் நடுவே வீடு கட்டி வாழும் நிலக்காரரின் இருப்பிடத்துக்கும் அதே சொல்தான். "நாங்க கொட்டாயில இருக்கறம்" என்றால் நிலம் இருக்கிறது என்று அர்த்தம். அதனால்தான் இந்தப் பகுதியில் ஆள் பேரில், குடும்பப் பேரில் இத்தனை கொட்டாய்கள். ஒருவர் பெயர் இடத்துக்குப் பெயரானால் கொட்டாய். இடத்தின் பெயர் ஆளுக்குப் பெயரானால் காலனி.

நாய்க்கன்கொட்டாய் அப்படி ஒரு பெயர். அதன் பக்கத்தில் நத்தம் காலனி. நத்தம் என்றால் வருவாய்த்துறைக் கணக்கில் குடியிருப்பு மனை, ஊர் இருக்கும் நிலம். தஞ்சைக் கல்வெட்டு இரண்டு பதிவாக வைத்தது இங்கே ஒரே பெயருக்குள் சேர்ந்திருக்கிறது. 1970களின் இறுதியிலும் 80களிலும் இந்த வட்டாரத்தில் நக்சல்பாரி இயக்கம் இரட்டைக் குவளைக்கு எதிராக நின்றது. 'தோழர்' என்ற ஒரே விளி ஊரிலும் காலனியிலும் புழங்கிய காலம் அது.

2012 நவம்பர் 7 அன்று நத்தம், அண்ணா நகர், கொண்டம்பட்டி ஆகிய மூன்று தலித் குடியிருப்புகள் தாக்கப்பட்டன. வன்னியர் பெண்ணும் தலித் இளைஞரும் கல்யாணம் செய்துகொண்டதும், பெண்ணின் தந்தை தற்கொலை செய்துகொண்டதும் உடனடிக் காரணங்களாகச் சொல்லப்பட்டன. இருநூறுக்கும் மேற்பட்ட வீடுகள் சூறையாடப்பட்டன, எரிக்கப்பட்டன. பெங்களூர், திருப்பூர் என்று போய்ச் சம்பாதித்து வாங்கிய பீரோவும் டூவீலரும் எரிந்தன. அடுத்த ஆண்டு ஜூலை 4 அன்று அந்த இளைஞர் தருமபுரியில் தண்டவாளத்தின் ஓரம் பிணமாகக் கிடந்தார்.

மூன்றில் ஒன்றின் பெயர் அண்ணா நகர். சென்னையில் அந்தப் பெயருக்கு மனை விலையே வேறு. இந்த அண்ணா நகரில் காலனி என்ற சொல் பெயரில் இல்லை. வந்தவர்களுக்கு அதனால் குழப்பம் ஏதும் ஏற்படவில்லை. எது ஊர், எது காலனி என்று படிக்க அவர்களுக்குப் பெயர்ப்பலகை வேண்டியிருக்கவில்லை.

2025 ஏப்ரல் 29 அன்று சட்டமன்றத்தில் முதல்வர் மு.க. ஸ்டாலின், காலனி என்ற சொல் ஆதிக்கத்தின், தீண்டாமையின் குறியீடாகவும் வசைச்சொல்லாகவும் மாறிவிட்டதால் அரசு ஆவணங்களிலிருந்தும் பொதுப் புழக்கத்திலிருந்தும் நீக்கப்படும் என்று அறிவித்தார். இதை வெறும் பெயர் விளையாட்டு என்று தள்ளிவிடுவது நமக்குச் சுலபம். ஆதார் அட்டையில், பள்ளிச் சான்றிதழில், வேலைக்கான மனுவில் அந்தச் சொல்லை எழுதும்போது கை கூசுகிறவருக்கு அது விளையாட்டில்லை. தன்னை எப்படி அழைக்க வேண்டும் என்று சொல்வது அடிப்படை உரிமை. எம்.சி. ராஜா கொண்டுவந்த தீர்மானத்தை ஒட்டி 1922இல் பறையர், பஞ்சமர் என்பதற்குப் பதில் ஆதிதிராவிடர் என்று அரசாணை வந்தது. 1982இல் ஹரிஜன் என்ற சொல்லைச் சான்றிதழ்களில் எழுத வேண்டாம் என்றது மத்திய அரசு. இந்த வரிசையில் காலனி நீக்கமும் ஒரு வெற்றிதான்.

நம்மிடமும் ஒரு கணக்குப் பாக்கி இருக்கிறது. சிறுபத்திரிகைப் பக்கங்களில் காலனியம், பின்காலனியம் என்று வண்டி வண்டியாக எழுதினோம். அந்தச் சொல்லையே தினம் முகவரியாக எழுதுகிறவர் அதைப் படிக்கும்போது என்ன நினைப்பார் என்று யோசித்தோமா? நம்முடைய வாக்கியங்களில் வினை சரியாக இருந்தது. சார்பை நாம் சோதித்துக்கொள்ளவில்லை.

இந்த நூற்றாண்டு வரிசை இன்னொன்றையும் காட்டுகிறது. மாற்றப்பட்டதெல்லாம் ஜோடியில் ஒரு பக்கத்துச் சொல்தான். எதிர்ப்பக்கத்தில் 'ஊர்' அப்படியே இருக்கிறது. ஊர்க்கூட்டம், ஊர்ப்பணம், ஊர்த்திருவிழா, ஊர்ச்சுடுகாடு என்று பல கிராமங்களில் எந்தச் சொல்லை எடுத்தாலும் காலனி அதில் சேர்த்தி இல்லை. ஊர் என்ற சொல் தன்னைத் திறந்துகொள்ளாதவரை, நாளைக்கு வைக்கும் நகரும் புரமும் இன்றைய காலனியாகத்தான் ஆகும். டீக்கடைக் கேள்வியில் ஒரு சொல் மட்டும் மாறும்.

1997இல் தொடங்கிய சமத்துவபுரத் திட்டம் இதைக் கொஞ்சம் தொட்டது. நூறு வீட்டில் நாற்பது தலித்துகளுக்கு, மீதி மற்றவர்களுக்கு என்று கலந்து வைத்தார்கள். ஆனால் அது ஊருக்கு வெளியே கட்டிய புது இடம். ஊர் அதனால் மாறவில்லை.

பரீட்சைப் பேப்பருக்குத் திரும்புவோம். மூன்றாவது வாக்கியத்தை அடித்துவிட்டால் போதாது. அது தமிழில் பொருளே தராத வாக்கியமாக வேண்டும். 'அந்தப் பையன் காலனி' என்று ஒருவர் சொன்னால், எதிரில் இருப்பவர் நிஜமாகவே விளங்காமல், "காலனியா, அப்படின்னா?" என்று கேட்க வேண்டும். அதற்கான வேலை ஒரே சுடுகாட்டில், ஒரே தேர்வடத்தில், கல்யாணத்தில், நிலத்தில், ஊர்க்கூட்டத்தில் போடும் நாற்காலிகளில் இருக்கிறது. அதுவரைக்கும் "எந்த ஊரு?" என்று கேட்கிறவரிடம் பையன் நத்தம் என்று சொன்னால், அடுத்த கேள்வியைக் கேட்க விடாமல் இருப்பதிலாவது நாம் தொடங்கலாம்.