பழைய பேஸ்போல் மட்டை: கையொப்பம் மட்டும் போதாது

1923 இல் நியூயோர்க்கின் யாங்கி ஸ்டேடியத்தில் முதல் ஹோம் ரன்னை பேப் ரூத் அடித்த மட்டை, 2004 இல் சொதபிஸ் ஏலத்தில் 12 இலட்சத்து 65 ஆயிரம் டொலருக்கு விலைபோனது. இவ்வளவு பணம் புரளும் இடத்தில் போலிகளும் வரும்.

மட்டையில் வீரரின் பெயர் இருந்தால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். லூயிவில் ஸ்லகர் மட்டைகளில் வீரர்களின் கையொப்பத்தைப் பதிக்கும் வழக்கம் 1905 இல் ஹோனஸ் வாக்னரோடு தொடங்கியது. அதே கையொப்பங்களோடு கடைகளிலும் மட்டைகள் தாராளமாக விற்கப்பட்டன.

ஆகவே நான் முதலில் பார்ப்பது நடுவிலுள்ள நிறுவன முத்திரையை. 'ஹில்லரிச் அன்ட் பிராட்ஸ்பி' என்ற பெயர் 1916 இல்தான் வந்தது. அந்த முத்திரையைக் காட்டி, 1910 இல் ஆடிய மட்டை என்றால் பேச்சு அங்கேயே முடிந்தது.

பிறகு நீளத்தையும் நிறையையும் தொழிற்சாலைப் பதிவேடுகளில் எஞ்சியவற்றோடு ஒப்பிடலாம். மரம் காய்ந்தால் நிறை சற்றுக் குறையும், அதற்காகப் பதறத் தேவையில்லை. பந்தின் தையல் பதிந்த தடம், பிடியில் வெடிப்பு, பைன் தார்க் கறை எல்லாம் மட்டை பாவிக்கப்பட்டதைக் காட்டும். யார் பாவித்தார் என்பதை அவை சொல்லமாட்டா.

அதைச் சொல்லக்கூடியது ஒரு கிறுக்கல். பிடித்த மட்டை வெடித்துவிட்டால், அதேபோல இன்னொன்று கேட்டு வீரர்கள் அதைத் தொழிற்சாலைக்குத் திருப்பி அனுப்புவார்கள். அங்கே அனுப்பியவரின் பெயரையும் திகதியையும் மெழுகுப் பென்சிலால் மரத்திலேயே எழுதுவார்கள். விற்பவர் சொல்லும் கதையை விட அந்த எழுத்தைத்தான் நான் நம்புவேன். பழைய மட்டை கையில் கிடைத்தால் துடைத்து மெருகேற்றாதீர்கள். அழுக்கென்று நீங்கள் துடைப்பது அந்த எழுத்தாக இருக்கலாம்.