மஹீன் தஜத்தொத்: ‘மொழி வல்லுநர்’ என்ற அடையாளத்துக்கு அப்பால்

மேலை நாடக வரலாற்றில் மஹீன் தஜத்தொத்தின் பெயர் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் வருகிறது. 1971ஆம் ஆண்டு ஷிராஸ் கலைவிழாவுக்காகப் பீட்டர் புரூக் உருவாக்கிய ‘ஒர்காஸ்ட்’ நாடகத்தின் நடிகர்களுக்கு அவெஸ்தா மொழியைப் பயிற்றுவித்த அறிஞர் என்பதே அவ்வறிமுகம். அது பிழையன்று, ஆனால் முழுமையும் அன்று. அவர் பாரசீக மொழியின் நாடகாசிரியர்.

ஓராண்டுக்கு முன், 1970இல், அதே விழாவில் அவரது ‘வீஸும் ராமீனும்’ ஆர்பி ஒவானெசியானின் இயக்கத்தில் மேடையேறியது. 11ஆம் நூற்றாண்டில் ஃபக்ருத்தீன் குர்கானி இயற்றிய காதற்காவியமே அதன் மூலம். முதிய அரசன் மோபதின் மனைவி வீஸ், அவன் தம்பி ராமீனைக் காதலிக்கும் கதை அது. அக்கதையின் வேர் இசுலாத்துக்கு முந்தைய பார்த்தியர் காலத்தது என்பர் ஆய்வாளர். ஈரானின் தொல்மரபைச் சமகால மேடைக்குக் கொணரும் முயற்சியை அவர் புரூக்கிடமிருந்து கற்கவில்லை என்பதற்கு இந்நாடகமே சான்று.

பெர்செபொலிஸ், நக்‌ஷ்-இ-ருஸ்தம் ஆகிய தொல்லிடங்களில் நிகழ்ந்த ‘ஒர்காஸ்ட்’டில், கவிஞர் டெட் ஹியூஸ் புனைந்த மொழியோடு பண்டைக் கிரேக்கம், இலத்தீன், அவெஸ்தா ஆகியவையும் ஒலித்தன. இயக்குநர் குழுவில் ஒவானெசியானும் இருந்தார். பொருள் விளங்காதபோதும் ஒலி பார்வையாளரைத் தொடுமா என்பதே புரூக்கின் வினா. தஜத்தொத்துக்கோ அவெஸ்தா வெற்றொலி அன்று. இலக்கணமும் பொருளும் உடைய மொழி. அதன் ‘ஹவோம’, ‘யஸ்ன’ ஆகிய சொற்கள் வேதத்தின் ‘சோம’, ‘யக்ஞ’ ஆகியவற்றுக்கு இனமானவை. குருமார் நூற்றாண்டுக்கணக்கில் வாய்மொழியாகக் காத்த அவ்வொலிகளைப் பதியவே சாசானியர் காலத்தில் தனி எழுத்து வகுக்கப்பட்டது. ஒருவர் பொருளைக் கடந்த ஒலியைத் தேடிய இடத்தில், மற்றவர் ஒலியோடு பொருளையும் அறிந்திருந்தார்.

‘ஒர்காஸ்ட்’ உருவான வரலாற்றை விவரிக்கும் ஆங்கில நூல் 1972இலேயே வெளிவந்தது. ஷிராஸ் விழாவோ 1977க்குப் பின் நடைபெறவில்லை. 1979இல் புரட்சி வந்தது. எந்த மொழியில் ஆவணம் தங்கியதோ, அம்மொழியின் பார்வையே வரலாறாயிற்று.

பின்னாளில் அவர் மகள் நஹாலுடனும் மருமகன் ழான்-குளோத் கரியேருடனும் இணைந்து, ரூமியின் நூறு கவிதைகளைப் பிரெஞ்சில் பெயர்த்தார். அந்நூல் 1993இல் வெளியானது. புரூக்கின் ‘மகாபாரதம்’ (1985) நாடகத்தை எழுதியவர் இதே கரியேர். அந்நாடகத்தைப் பற்றி இந்தியாவில் விரிவாக விவாதித்திருக்கிறோம். கீழை மரபுகளைப் புரூக் கையாண்ட முறையை ஆராய்வோர் ‘ஒர்காஸ்ட்’டிலிருந்து தொடங்குவதும், அங்கே தஜத்தொத்தை நாடகாசிரியராகவே சந்திப்பதும் பொருந்தும்.