அல்சூரிலிருந்து மயிலாப்பூருக்கு

பெங்களூரும் சென்னையும் ஏறத்தாழ ஒரே அட்சரேகையில் இருக்கின்றன. ஒரு விமான நிலையத்திலிருந்து மற்றதற்கு நேர்கோட்டில் சுமார் 270 கிலோமீட்டர். ஜோலார்பேட்டை, காட்பாடி என்று சுற்றிப் போகும் தண்டவாளத்துக்கு அதுவே 360 ஆகிவிடுகிறது. விமானத்துக்கு அட்டவணைப்படி ஒரு மணி நேரம், வந்தே பாரத் ரயிலுக்கு நாலரை மணி நேரம். காகிதத்தில் போட்டியே இல்லை.

என் வீடு அல்சூரில், அம்மா மயிலாப்பூரில். இரண்டு வழியிலும் பலமுறை போய் வந்தவன் நான். எனக்கு வாசலிலிருந்து வாசல் வரை ஆகும் நேரம்தான் கணக்கு.

தேவனஹள்ளி விமான நிலையம் போக ஒன்றேகால் மணி நேரம். அங்கே இரண்டு மணி நேரம் முன்னதாக இருக்க வேண்டும். பறப்பது ஒரு மணி நேரம் என்றாலும், அதில் பாதிதான் உண்மையில் வானத்தில். பெல்ட் விளக்கு அணைந்து, தண்ணீர் வண்டி என் வரிசைக்கு வருவதற்குள் இறங்கப்போவதாக அறிவிப்பு வந்துவிடும். பெட்டி எடுத்து வெளியே வர அரை மணி, மீனம்பாக்கத்திலிருந்து மயிலாப்பூருக்கு முக்கால் மணி. ஆக, ஐந்தரை மணி நேரம்.

ரயில் என்றால் அல்சூரில் மெட்ரோ ஏறி மெஜஸ்டிக் ரயில் நிலையம். காத்திருப்பையும் சேர்த்து ஒரு மணி நேரம். ரயிலில் நாலரை. சென்ட்ரலிலிருந்து ஆட்டோவில் அரை மணி. மொத்தம் ஆறு. அந்த நாலரை மணி நேரமும் முழுசாக என் கையில் இருக்கிறது. குப்பம் தாண்டி வண்டி பீடபூமியை விட்டு இறங்குவதைப் பார்க்கலாம். காட்பாடியில் கதவு திறந்ததும் முகத்தில் அடிக்கும் அனல், தமிழ்நாடு வந்துவிட்டதைச் சொல்லும்.

முன்பு இப்படி இல்லை. எச்ஏஎல் விமான நிலையம் எங்களுக்குப் பக்கத்திலேயே இருந்தது, ஆட்டோ போதும். 2008 மே மாதம் தேவனஹள்ளி நிலையம் திறந்ததும் பயணிகள் விமானங்கள் அங்கே போய்விட்டன. விமானத்தின் வேகம் குறையவில்லை, விமான நிலையம்தான் தூரம் போனது. ரயில் நிலையங்களோ நடு ஊரில் இருக்கின்றன. ஜோலார்பேட்டையிலிருந்து கண்டோன்மென்ட்டுக்கு 1864-இல் பாதை போட்டார்கள், ஊர் அதைச் சுற்றி வளர்ந்தது. 2022 நவம்பர் 11 அன்று பிரதமர் இந்த வழியின் வந்தே பாரத்தையும் விமான நிலையத்தின் இரண்டாம் முனையத்தையும் ஒரே நாளில் தொடங்கிவைத்தார்.

தூரம் கூடினால் கணக்கு மாறும். பெங்களூரிலிருந்து சிங்கப்பூர் சுமார் 3,200 கிலோமீட்டர். பறக்கும் நேரம் அதே நாலரை மணி! அங்கே தரையில் போகும் நேரம் உறுத்தாது. சென்னைக்கு அது பயணத்தையே விழுங்கிவிடுகிறது. விமான நிலையம் பக்கமாக எலஹங்காவில் குடியிருந்து, சென்னையிலும் விமான நிலையத்துக்குப் பக்கத்தில் பல்லாவரம் போகிறவருக்கு விமானமே மேல், மறுக்கமாட்டேன். ரயில் பாதையோரம் ஒயிட்ஃபீல்டிலிருந்து பெரம்பூர் போகிறவர் ஒரு முறையாவது ரயிலில் போய்ப் பார்க்க வேண்டும்.

கிளம்பும் நாளில் அம்மா போனில் கேட்பாள்: "எத்தனை மணிக்குடா உலை வைக்கட்டும்?" ரயிலில் போகும்போது நேரம் சொல்லிவிடுவேன். விமானம் என்றால், விமான நிலையம் போகும் வழியில் ஹெப்பாள் மேம்பாலம் தாண்டியதும் கூப்பிடுகிறேன் என்பேன்.