மருந்தும் யாப்பும்

மருத்துவம் பயில்வோர்க்கு எந்நாட்டிலும் எக்காலத்திலும் பெருஞ்சுமையாக அமைவன மருந்துகளின் பெயரும் அளவும் ஆகும். இவற்றுள் ஒன்று பிறழினும் நோயாளியின் உயிருக்கு ஊறு நேரும். ஏடுகள் அரியனவாயிருந்த காலத்தில் இச்சுமையைத் தாங்க மருத்துவர் நாடிய துணை செய்யுள். அது நினைவுக்கு உதவும் என்பதோடு, பிழை நுழையாமல் காக்கும் வேலியாகவும் அமையும் என அவர்கள் கருதினர். அவ்வேலி எதைக் காத்தது, எதைக் காக்கவில்லை என்பது பாவலர் அறியத்தக்க செய்தியாகும்.

உரோமப் பேரரசன் நீரோவின் மருத்துவர் ஆந்திரோமாக்கசு என்பவர். அவர் 64 சரக்குகள் சேர்ந்த 'தெரியாக்கா' என்னும் நஞ்சுமுறிவு மருந்தின் செய்முறையை 174 அடிகளில் கிரேக்கச் செய்யுளாக யாத்தார். அடுத்த நூற்றாண்டில் வாழ்ந்த மருத்துவப் பேரறிஞர் கேலன் அச்செய்யுளைத் தம் நூலில் எடுத்தாண்டார். கிரேக்கர் எண்களை எழுத்துகளாலேயே குறித்தனர். படியெடுப்போர் ஓரெழுத்தைப் பிழைபட எழுதினால் மருந்தின் அளவே மாறிவிடும். செய்யுளிலோ எண் சொல்லாக நிற்கும். சொல் மாறினால் யாப்புக் கெடும். யாப்புக் கெட்டால் பிழை வெளிப்படும். செய்யுள் வடிவிலான மருந்துக் குறிப்புகளைக் கேலன் போற்றியமைக்கு இதுவே காரணம்.

எனினும் வரலாறு மற்றொன்றையும் காட்டுகிறது. அம்மருந்து நூற்றாண்டுகள் பலவாக ஐரோப்பாவில் மதிப்புடன் விளங்கியது. 1745இல் வில்லியம் எபர்டன் என்னும் ஆங்கில மருத்துவர் அதன் பயனையே மறுத்து நூல் எழுதினார். செய்யுள் சரக்குகளையும் அளவுகளையும் காத்துத் தந்தது. ஆனால் மருந்து நோயைத் தீர்க்குமா என்னும் வினாவுக்கு விடைதருவது செய்யுளின் வேலையன்று.

தமிழ் மருத்துவமும் செய்யுளையே தாயகமாகக் கொண்டு வளர்ந்தது. பதினெண்கீழ்க்கணக்கில் திரிகடுகம், சிறுபஞ்சமூலம், ஏலாதி ஆகிய மூன்றும் மருந்துகளின் பெயரையே தாங்கி நிற்கின்றன. அவற்றுள் ஏலாதி என்னும் மருந்தின் அமைப்பு வியக்கத்தக்கது. ஏலம் ஒரு பங்கு, இலவங்கம் இரண்டு, நாககேசரம் மூன்று, மிளகு நான்கு, திப்பிலி ஐந்து, சுக்கு ஆறு என அளவு ஒவ்வொன்றாக ஏறிச் செல்லும். பெயர்களை வரிசை பிறழாமல் சொல்லத் தெரிந்தவனுக்கு அளவைத் தனியே மனப்பாடம் செய்யும் தேவையில்லை. நிற்கும் இடமே அளவைச் சொல்லிவிடும்.

பதார்த்தகுண சிந்தாமணி போன்ற குணநூல்கள் ஒவ்வொரு பொருளின் இயல்பையும் அது தீர்க்கும் நோயையும் செய்யுளில் அடக்கின. எதுகையும் மோனையும் நோய்ப்பெயர்களை ஒன்றோடொன்று பிணைத்தன. ஒன்றை மறந்தவனுக்கு அடுத்த அடியின் எதுகை அதை நினைவூட்டும். ஆயினும் இடர் அங்கேயே தொடங்குகிறது. எதுகைக்கு இசைய மிளகு சிலவிடங்களில் கறி எனவும் மரிசம் எனவும் வரும். சுக்கு சுண்டியாகவும் நாகரமாகவும் நிற்கும். நாகம் என்னும் சொல்லோ பாம்பையும் துத்தநாகத்தையும் புன்னை மரத்தையும் குறிக்கும். ஓசை சிறிதும் பிழையாதிருக்கப் பொருள் முற்றும் பிழைபடலாம். செய்யுளைச் சொல்லிக் கொடுத்த ஆசான் மூலிகையையும் கையில் எடுத்துக் காட்ட வேண்டியிருந்தமை இதனாலேயே.

இக்கால மருத்துவக் கல்லூரிகளில் செய்யுள் இல்லை என்று எண்ணலாம்; ஆனால் தொடை இருக்கிறது. உலக நலவாழ்வு நிறுவனம் மருந்துகளுக்குப் பொதுப்பெயர் வழங்கும் திட்டத்தை 1950இல் வகுத்து, 1953இல் முதற்பட்டியலை வெளியிட்டது. ஒரே வகையான மருந்துகளுக்கு ஒரே ஈறு அமைவது அதன் நெறி. புரொப்ரனலால், அட்டினலால், மெட்டோப்ரலால் என்பன இதயத்துடிப்பைத் தணிப்பவை. கேப்டோப்ரில், எனலாப்ரில், லிசினோப்ரில் என்பன குருதி அழுத்தத்தைக் குறைப்பவை. அடிதோறும் இறுதி ஒன்றி வருவதை இயைபு என்பர் நம் இலக்கணிகள். நூற்றுக்கணக்கான மருந்துகளை இன்றைய மாணவர் அவ்வியைபைப் பற்றியே நினைவில் நிறுத்துகின்றனர்.

இங்கும் பழைய எச்சரிக்கை பொருந்தும். ஸ்டானோசலால் என்பதும் அதே ஈற்றில்தான் முடிகிறது. ஆயின் அது இதயத்துக்குரிய மருந்தன்று. தசையை வளர்க்கும் ஊக்கமருந்து. 1988ஆம் ஆண்டுச் சியோல் ஒலிம்பிக்கில் பென் ஜான்சனின் தங்கப் பதக்கம் பறிபோகக் காரணமானது அதுவே. ஈற்றை மட்டும் நம்பிய மாணவன் இங்கே தடுக்கி விழுவான்.

யாப்பு நினைவைக் காக்கும்; வரிசையைக் காக்கும்; சொல்லையும் ஓரளவு காக்கும். அச்சொல் சுட்டும் பொருளை அறிந்து காப்பது கற்பவன் கடன். மருத்துவனுக்குரிய இவ்விதி கவிஞனுக்கும் உரியதே. தளை தட்டாத வெண்பாவிலும் பொருள் தட்டக்கூடும் என்பதை மருந்துச் செய்யுள் உயிரைப் பணயமாக வைத்து உணர்த்தியிருக்கிறது.