அப்பாவின் கதிரையும் நூறு வயது ரின்னும்

எங்கள் வீட்டுச் சமையலறையில் ஒரு இரும்புக் கதிரை இருக்கிறது. 1988இல் நோர்வேயின் வடக்கே, ஃபின்மார்க்கில் மீன் தொழிற்சாலையில் வேலை செய்த காலத்தில், அப்பா அதைப் பழைய சாமான் சந்தை ஒன்றில் வாங்கினார். இந்த நாட்டில் தன் சொந்தக் காசில் அவர் வாங்கிய முதல் தளபாடம் அதுதான். ஒஸ்லோவுக்குக் குடிவந்தபோது மற்றதையெல்லாம் அங்கேயே விட்டுவிட்டு, கதிரையை மட்டும் கொண்டுவந்தாராம்.

அதன் கால்கள் துருப்பிடிக்கத் தொடங்கிவிட்டன. அப்பாவின் 60ஆவது பிறந்தநாளுக்கு அதைப் புதிதாக்கிக் கொடுக்கலாம் என்று நினைத்து, ஒரு ஸ்பிறே பெயின்ற் ரின் வாங்கினேன். அப்போது பெப்ரவரி மாதம். பால்கனியில் அடித்துப் பார்த்தேன். குளிரில் பெயின்ற் தூறலாக வராமல் துப்பித் துப்பி வந்தது. கதிரையைக் கீழே நிலவறைக்குத் தூக்கிக்கொண்டு போய், கதவைச் சாத்திவிட்டு, தடிப்பாக அடித்தேன். பெயின்ற் வழிந்தது. மூன்று மணித்தியாலம் கழித்து அதை மறைக்க இன்னொரு பூச்சு அடித்தேன். காலையில் பார்த்தால் கதிரை முழுவதும் சுருங்கிக் கிடந்தது. எனக்குத் தலையிடி. மணம் மேல்வீடு வரை வந்து அம்மாவும் இருமிக்கொண்டிருந்தார்.

அப்பா இறங்கி வந்து கதிரையைப் பார்த்தார். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "ரின்னில என்ன எழுதிக் கிடக்கெண்டு வாசிச்சனியோ?" என்று கேட்டார்.

நான் வாசிக்கவில்லை. அன்றிரவுதான் வாசித்தேன். ஒவ்வொரு எச்சரிக்கைக்கும் காரணம் தேடப்போனபோது, அது ஒரு வரலாற்றுப் பாடமாகவே மாறிவிட்டது. உங்களுக்கும் சொல்கிறேன்.

முதல் ஆச்சரியம், இதன் கதை தொடங்குவது எங்கள் ஊரிலேயே. எரிக் ரொதைம் என்ற இரசாயனப் பொறியியலாளர் 1898இல் இங்கே பிறந்தார். அப்போது ஒஸ்லோவின் பெயர் கிறிஸ்தியானியா. அழுத்தத்தில் திரவமாக இருக்கும் வாயுவையும் இன்னொரு பொருளையும் ஒரே கலத்தில் அடைத்து, வால்வைத் திறந்தால் தூறலாக வெளிவரும்படி செய்யலாம் என்று 1926இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். ஆனால் அவர் 1938இல் இறந்தபோது, உலகம் அந்தக் கண்டுபிடிப்பைப் பெரிதாகக் கவனித்திருக்கவில்லை.

குளிரில் என் ரின் ஏன் துப்பியது என்பதற்கு விடை இங்கேயே இருக்கிறது. உள்ளே இருக்கும் திரவம் ஆவியாகித்தான் பெயின்றை வெளியே தள்ளுகிறது. குளிர்ந்தால் ஆவி குறையும், அழுத்தமும் விழும். "10 முதல் 25 பாகை வரை" என்று ரின்னில் போட்டிருந்தது அதனால்தான்.

ரொதைமின் யோசனையை யுத்தம்தான் பரவச் செய்தது. இரண்டாம் உலகப் போரில் பசிபிக் தீவுகளில் இருந்த அமெரிக்கப் படையினரை மலேரியா வாட்டியது. அமெரிக்க விவசாயத் திணைக்களத்தில் வேலை செய்த லைல் குட்ஹ்யூவும் வில்லியம் சலிவனும் நுளம்பு மருந்தை அடைத்த ஒரு கலத்தை உருவாக்கினார்கள். அது கனமான உருக்குக் கலம். யுத்தம் முடிந்தபின், 1949இல், ரொபேர்ட் அப்லனல்ப் மலிவான ஒரு வால்வை வடிவமைத்தார். மெல்லிய தகர ரின் சாத்தியமானது.

அதே 1949இல் இலினோய் மாநிலத்தின் சிக்கமோர் நகரில் எட்வேர்ட் சீமோர் என்பவர் அலுமினியப் பெயின்ற் விற்றுக்கொண்டிருந்தார். அது வீட்டுக்குச் சூடு தரும் ரேடியேற்றர்களுக்குப் பூசும் பெயின்ற். அதை வாடிக்கையாளருக்குக் காட்ட இலகுவான வழி தேடினார். தூறல் கருவி போல ஏதாவது செய்யலாமே என்று யோசனை சொன்னவர் அவருடைய மனைவி பொனி. ரின்னுக்குள் பெயின்ற் போனது இப்படித்தான். ரேடியேற்றரின் மடிப்புகளுக்குள் தூரிகை போகாது, தூறல் போகும். கதிரைக் கால்களுக்கும் அதே நியாயம்தான்.

ஆனால் அந்த வசதிக்கு ஒரு விலை இருந்தது. அந்தக் கால ரின்களில் பெயின்றைத் தள்ளியது சி.எஃப்.சி. வாயு. எரியாது, மணக்காது, ஆளுக்கு நஞ்சில்லை என்று எல்லோரும் நம்பிப் பாவித்தார்கள். 1974இல் மரியோ மொலினாவும் ஷேர்வூட் ரோலண்டும் அந்த வாயு மேலே போய் ஓசோன் படலத்தை அழிக்கும் என்று எழுதினார்கள். தொழிற்துறை அவர்களைக் கடுமையாக எதிர்த்தது. ஆனாலும் 1978இல் அமெரிக்கா பெரும்பாலான ஸ்பிறே ரின்களில் அதைத் தடைசெய்தது. 1987இல் மொன்றியல் ஒப்பந்தம் கைச்சாத்தானது. 1995இல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

சி.எஃப்.சி. போன இடத்துக்கு வந்தவை புரொப்பேன், பியூட்டேன், டைமீதைல் ஈதர் போன்றவை. இவை ஓசோனைத் தொடாது, ஆனால் தீப்பிடிக்கும். ரின்னில் இருந்த நெருப்புப் படத்தின் அர்த்தம் இதுதான். மூடிய நிலவறையில், தண்ணீர்ச் சூடாக்கிக்குப் பக்கத்தில் நின்று நான் அடித்ததை நினைக்க இப்போதும் வயிறு கலங்குகிறது.

மே மாதம் மீண்டும் தொடங்கினேன். முதலில் சுருங்கிய பூச்சை உப்புத்தாளால் தேய்த்தேன், தண்ணீர் தொட்டுத் தொட்டு. பழைய பெயின்றில் ஈயம் இருக்கலாம், அதன் தூசு காற்றில் பறக்கக் கூடாது. துருவுக்கான அடிப்பூச்சு அடித்தேன். மேலே எனாமல். அது மெதுவாகக் காயும், ஆனால் உறுதியானது. அவசரமென்றால் அக்கிரிலிக் எடுக்கலாம், சீக்கிரம் காயும். பிளாஸ்ரிக் சாமான் என்றால் அதற்கென்றே உள்ள அடிப்பூச்சு வேண்டும். வெளியே, காற்றில்லாத ஒரு நாளில், கரைப்பான் ஆவியைத் தடுக்கும் வடிகட்டி முகமூடியோடு நின்றேன். சாதாரணத் தூசி முகமூடி ஆவியைத் தடுக்காது. உள்ளே குண்டு சத்தமிடத் தொடங்கியபின் இரண்டு நிமிடம் குலுக்கி, 25 சென்ரிமீற்றர் தூரத்தில், கையை நிறுத்தாமல், மெல்லிய பூச்சுகளாக அடித்தேன்.

அடுத்த பூச்சை ஒரு மணித்தியாலத்துக்குள் அடிக்க வேண்டும், இல்லையென்றால் 48 மணித்தியாலம் பொறுக்க வேண்டும் என்று என் ரின்னில் இருந்தது. பெப்ரவரியில் நான் இரண்டுக்கும் நடுவில் அடித்துவிட்டேன். பாதி காய்ந்த தோலுக்குள் புதுக் கரைப்பான் ஊறினால் அது சுருங்கத்தான் செய்யும்.

அப்பா பக்கத்தில் வந்து நின்றார். கதிரையைக் கவிழ்த்து அடியில் அடிக்கப்போனபோது, "அதை விடு" என்றார். இருக்கையின் அடியில் அந்தப் பழைய பச்சை நிறம் இன்னும் இருந்தது.

"வாங்கேக்க இந்தக் கலர்தான். ரெண்டு மாசம் சேத்த காசு."

விட்டுவிட்டேன். மேலே இப்போது நீலம். அடியில் ஃபின்மார்க்கின் பச்சை. வெறும் ரின்னை நகரசபையின் அபாயக் கழிவு எடுக்கும் இடத்தில் கொடுத்தேன். கொடுக்கும் முன் அதன் எழுத்துகளை இன்னொருமுறை வாசித்தேன். நீங்கள் ஒரு ரின் வாங்கினால், அடிக்க முன்னமே வாசித்துவிடுங்கள்.